தீம் பார்க் விடுமுறை: நினைக்கும்போது இனிக்கிறது, போனபோது இனித்ததா?

கணக்குப்பிள்ளை:
இந்த விடுமுறைக்கும் தீம் பார்க்தான் என்று வீட்டில் பேச்சு ஆரம்பித்துவிட்டது. "போன தடவை எவ்வளவு நன்றாக இருந்தது!" என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். அங்கிருந்து நான் தம்பிக்கு அனுப்பிய செய்திகள் இன்னும் போனில் இருக்கின்றன. "வெயில் தாங்கவில்லை." "சின்னவள் அழுகையை நிறுத்தவில்லை." "பேசாமல் வீட்டில் தூங்கியிருக்கலாம்." ஒரு ரோலர் கோஸ்டர் ஓடுவது இரண்டு மூன்று நிமிடம், அதற்கு ஒரு மணி நேர வரிசை. நாள் முழுவதையும் கூட்டிப் பார்த்தால் சந்தோஷமாக இருந்த நேரம் சொற்பம். பிற்பாடு தோன்றும் இனிப்பை நம்பி மறுபடி பணம் போடலாமா? போகலாம் என்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.

ராட்டினக்காரி:
நிமிடக் கணக்குப் பார்த்தால் கல்யாணம்கூட நஷ்டம்தான் அண்ணா. அந்த நாள் முடிந்துவிட்டது, நினைவு இன்னும் உங்களோடு இருக்கிறது. வருடக்கணக்கில் கூட இருக்கப் போவதற்குத்தானே மதிப்பு அதிகம்?

கணக்குப்பிள்ளை:
உளவியலாளர் டேனியல் கானமன் குழுவினர் 1993இல் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். 14 டிகிரி குளிர்ந்த நீரில் 60 வினாடி கையை வைக்க வேண்டும். இன்னொரு முறை அதே 60 வினாடி, கூடவே இன்னும் 30 வினாடி. அந்த 30 வினாடியில் மட்டும் நீரின் குளிர் லேசாகக் குறையும். எதை மறுபடி செய்வீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலோர் நீளமானதையே தேர்ந்தெடுத்தார்கள். அதாவது கூடுதல் வலியை! முடிவு கொஞ்சம் இதமாக இருந்ததால் மொத்தமும் பரவாயில்லை என்று பதிந்துவிட்டது. நினைவை நம்பி முடிவெடுத்தால் இதுதான் கதி.

ராட்டினக்காரி:
அதே சோதனையை நான் வேறு மாதிரி படிக்கிறேன். முடிவு அவ்வளவு முக்கியம் என்றால் முடிவைச் சரி செய்யுங்கள். நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? கொடுத்த காசுக்குப் பார்க் மூடும்வரை இருந்தே தீருவோம் என்று நிற்கிறார்கள். தூங்கிப்போன பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, கார் நிறுத்திய இடத்தை மறந்துவிட்டு, ஒருவர் மேல் ஒருவர் எரிந்து விழுந்து வீடு திரும்புகிறார்கள். பிள்ளைக்குப் பிடித்த ரைடைக் கடைசியில் வைத்து, தெம்பு இருக்கும்போதே கிளம்பிவிடலாமே.

தள்ளுவண்டி அப்பா:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் பையனுக்கு இரண்டு வயது. இப்போது கூட்டிப்போனால் அவனுக்கு நினைவிருக்குமா?

கணக்குப்பிள்ளை:
இருக்காது. பெரியவர்களுக்கு நினைவிருக்கும் முதல் சம்பவங்கள் பெரும்பாலும் மூன்று, மூன்றரை வயதுக்குப் பிறகு நடந்தவைதான். அதோடு உயரக் கட்டுப்பாடு வேறு. கலிபோர்னியா டிஸ்னிலேண்டில் ஸ்பேஸ் மவுண்டன் என்ற ரோலர் கோஸ்டரில் ஏற 102 செ.மீ. உயரம் வேண்டும். புளோரிடாவில் அதே பெயருள்ள ரைடுக்கு 112. பையன் வாசலிலேயே நிற்பான்.

ராட்டினக்காரி:
அதற்குத்தான் பெரிய பார்க்குகளில் வழி வைத்திருக்கிறார்களே. ஒருவர் குழந்தையோடு வெளியே இருப்பார், மற்றவர் ஏறி இறங்கி வந்ததும் இவர் மறுபடி முழு வரிசையிலும் நிற்காமல் ஏறலாம். அப்புறம், பையனுக்கு நினைவில்லாவிட்டால் என்ன? அவன் அங்கே சிரித்ததை நீங்கள் பார்ப்பீர்கள் அல்லவா, அது உங்களுக்கு இருக்கும்.

பை சுமந்தவள்:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டுதான் இருந்தேன். "எல்லோரும் ஒரே குரலில்" என்கிறீர்களே கணக்குப்பிள்ளை சார், அந்தக் குரலில் உங்கள் மனைவியும் உண்டா? கேட்டுப் பாருங்கள்.

எங்கள் வீட்டு ஆல்பத்தில் நான் பாதிப் படத்தில் இல்லை, எடுத்தவளே நான்தான். தண்ணீர் பாட்டில், மாற்றுத்துணி, தொப்பி, மருந்து எல்லாம் என் பையில். 1999இல் டிஸ்னி பார்க்குகளில் ஃபாஸ்ட்பாஸ் வந்தது. நேரம் குறித்த சீட்டை வாங்கிக்கொண்டு அப்போது போனால் போதும், நீள வரிசை இல்லை. நல்ல ஏற்பாடுதான். 2021இல் அதை எடுத்துவிட்டுப் போன் செயலி வழியாகக் கட்டணச் சேவை கொண்டுவந்தார்கள். இப்போது விடுமுறையில் விடியற்காலை எழுந்து, எந்த ரைடுக்கு எத்தனை மணி கிடைக்கிறது என்று போனைத் தட்டிக்கொண்டிருப்பது யார்? எங்கள் வீட்டில் நான். ஆபீஸ் வேலையைவிட அது மோசம்.

டேவிட் மைஸ்டர் என்பவர் 1985இல் காத்திருப்பின் உளவியல் பற்றி எழுதினார். சும்மா நிற்கும் நேரம் நீளமாகத் தெரியும், எதிலாவது ஈடுபட்டிருந்தால் குறைவாகத் தெரியும் என்பது அதில் ஒரு கருத்து. பார்க்குகளில் வரிசைப் பாதையையே அலங்கரித்து வைப்பது அதனால்தான். அங்கே அலங்காரம் தீர்ந்த பிறகு பிள்ளைகளுக்குக் கதை சொல்லி, விடுகதை போட்டு, சண்டையை விலக்கி நேரத்தைக் குறைத்துக் கொடுத்தது யார்? மற்றவர்கள் நினைவு இனிப்பதற்கு ஒருவர் உழைத்திருக்கிறார். அந்த ஒருவருக்கு இனித்ததா என்று இங்கே இரண்டு தரப்பும் கேட்கவில்லை.

கணக்குப்பிள்ளை:
அப்படியென்றால் போக வேண்டாம் என்கிற என் கட்சிதானே நீங்கள்?

பை சுமந்தவள்:
இல்லை. போக வேண்டும். வேலையைப் பங்கு போட்டுக்கொண்டு போக வேண்டும்.

கடைக்குட்டி:
நான் அப்போது பிள்ளையாகப் போனவன், என் பக்கத்தையும் கேளுங்கள். பார்க்கில் தொலைந்துபோய் ஒரு பணியாளர் கையைப் பிடித்து நின்றது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. அக்காவோ தொலைந்தது தான்தான் என்று சத்தியம் செய்கிறாள். அம்மாவைக் கேட்டால், "நீங்கள் இரண்டு பேரும் என் பக்கத்தில்தான் இருந்தீர்கள், தொலைந்தது உங்கள் அப்பா" என்கிறார். அப்பா இதுபற்றிப் பேசுவதில்லை.

கணக்குப்பிள்ளை:
இதைத்தான் சொல்கிறேன்! எலிசபெத் லாஃப்டஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் டிஸ்னிலேண்டில் பக்ஸ் பன்னி என்ற கார்ட்டூன் முயல் நிற்பது போன்ற போலி விளம்பரத்தைச் சிலருக்குக் காட்டினார்கள். பிறகு கேட்டால், சிறுவயதில் அங்கே பக்ஸ் பன்னியோடு கை குலுக்கியதாகச் சிலர் சொன்னார்கள். 2002இல் வந்த ஆய்வு. பக்ஸ் பன்னி டிஸ்னியின் போட்டி நிறுவனமான வார்னர் பிரதர்ஸின் பாத்திரம், டிஸ்னிலேண்டில் நிற்க வழியே இல்லை.

கடைக்குட்டி:
தெரியும் சார். ஆனால் நானும் அக்காவும் சந்தித்தால் முதலில் போடுவது இந்தச் சண்டையைத்தான். எது நடந்தது என்று ஆதாரத்தோடு தீர்த்துவைத்தால் எங்களுக்குத்தான் நஷ்டம்.

ராட்டினக்காரி:
கணக்குப்பிள்ளை அண்ணா, இதை எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்?

கணக்குப்பிள்ளை:
சரி, ஒரு ஏற்பாடு. போகிறோம். ஆனால் அன்றைக்கே, ஒவ்வொரு ரைடு முடிந்ததும் எல்லோரும் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போட வேண்டும். திரும்பி வந்து ஆறு மாதம் கழித்து ஒப்பிடுவோம்.

பை சுமந்தவள்:
செயலியைப் பார்ப்பதும் பையைச் சுமப்பதும் நீங்கள் என்றால் சம்மதம். உங்கள் மனைவியின் மதிப்பெண்ணை மட்டும் இங்கே போடுங்கள்.

ராட்டினக்காரி:
ரைடு முடிந்ததும் கேட்டால் பத்துக்குப் பத்துதான் வரும். அண்ணனுக்கு வேண்டிய பதில் கிடைக்க வரிசையில் நிற்கும்போதே கேட்க வேண்டும்.