பக்கத்துக் கல்லூரியா, தூரத்து என்.ஐ.டி.யா: போனவர்கள், போகாதவர்கள்

ஈரோட்டுக்காரன்:

எனக்கு ஜே.இ.இ. நுழைவுத்தேர்வு ரேங்கில், ஒடிசாவில் இருக்கும் ரூர்கேலா என்.ஐ.டி.யில் (தேசியத் தொழில்நுட்பக் கழகம்) மெக்கானிக்கல் கிடைத்தது. தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் என் பிளஸ் டூ கட்-ஆஃப் மதிப்பெண்ணுக்குக் கோவையிலேயே அரசு கல்லூரியில் அதே மெக்கானிக்கல் வந்திருக்கும். வீட்டிலிருந்தே போய் வந்திருக்கலாம். நான் ரூர்கேலா போனேன்.

வீட்டில் எல்லோரும் மத்திய அரசின் கல்லூரித் தரவரிசையான என்.ஐ.ஆர்.எஃப். பட்டியலை வைத்துத்தான் பேசினார்கள். அந்தப் பட்டியலில் ஆராய்ச்சிக்கு மட்டும் 30 சதவீத மதிப்பு, கல்லூரியைப் பற்றி மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதற்கு 10. முதல் வருடப் பையனுக்கு இதில் பாதி எட்டவே எட்டாது. எனக்குப் பயன்பட்டது வேறு. அறையில் ஒரு ஒடியாக்காரன், ஒரு பீகாரி. மூன்றாம் செமஸ்டரிலேயே இரண்டு பேரும் ஊர் பேர் தெரியாத பேராசிரியர்களுக்கெல்லாம் கோடை இன்டர்ன்ஷிப் கேட்டு மெயில் தட்டிக்கொண்டிருந்தார்கள். அப்படிக் கேட்கலாம் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அவர்கள் மெயிலை அப்படியே காப்பியடித்து, பெயரை மாற்றி நானும் அனுப்பினேன். ஒருவர் வரச் சொன்னார். இன்று நான் பார்க்கும் வேலை அங்கிருந்து வந்ததுதான்.

இழப்பும் உண்டு. ஈரோட்டுக்கு நேர் வண்டி என்றால் தன்பாத்–ஆலப்புழை எக்ஸ்பிரஸ். ஒரு நாளுக்கு மேல் ஆகும். அப்போது முன்பதிவு 120 நாளைக்கு முன்பே திறக்கும் (2024 நவம்பரிலிருந்து 60 நாள்தான்), அப்படியும் தீபாவளிக்கு வெயிட்டிங் லிஸ்ட். பாட்டி தவறியபோது நான் வந்து சேர்வதற்குள் காரியம் முடிந்துவிட்டது. இதற்கெல்லாம் தயார் என்றால் போங்கள்.

கிண்டியில் படித்தவள்:

மேலே எழுதியவருக்கு இரண்டு இடத்திலும் ஒரே பிரிவு, அதனால் தூரம் ஒன்றைத்தான் யோசிக்க வேண்டியிருந்தது. எனக்கு வடக்கே ஓர் ஐ.ஐ.டி.யில் மெட்டலர்ஜி (உலோகவியல்), கிண்டி பொறியியல் கல்லூரியில் இ.சி.இ. (எலெக்ட்ரானிக்ஸ்). கையில் வந்த ஐ.ஐ.டி.யை எவளாவது விடுவாளா என்று சொந்தக்காரர்கள் வரிசையாக போன். "முதல் வருஷம் நல்லா படிச்சா பிரிவை மாத்திக்கலாம்மா" என்றார் சித்தப்பா. அது வகுப்பில் முதல் சில பேருக்கு மட்டும், சில ஐ.ஐ.டி.களில் இப்போது அந்தக் கதவையே சாத்திவிட்டார்கள். மெட்டலர்ஜி மோசமான படிப்பு இல்லை. அதைப் பிடித்துப் படிப்பவர்கள் தாராளமாகப் போகட்டும். எனக்கு சர்க்யூட்தான் பிடிக்கும், அவ்வளவுதான்.

கிண்டியிலேயே சேர்ந்தேன். 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கல்லூரி அது. பேருக்கு ஒன்றும் குறைச்சலில்லை. கட்டணமும் குறைவு. நாலாம் வருடம் முதுநிலைப் படிப்புக்கான 'கேட்' தேர்வு எழுதி, எம்.டெக்.குக்கு அதே சர்தார் படேல் சாலையில் இருக்கும் சென்னை ஐ.ஐ.டி.க்குப் போனேன். சித்தப்பாவுக்கும் திருப்தி.

நாகப்பட்டினத்து அப்பா:

எது 'பக்கம்' என்பதிலேயே எங்களுக்குக் குழப்பம். புதுச்சேரி என்.ஐ.டி. இருப்பது காரைக்காலில், எங்களுக்கு பஸ் தூரம். ஆனால் பிளஸ் டூவை எந்த மாநிலத்தில் முடித்தோமோ அதுதான் ஜோசாவில் (ஐ.ஐ.டி., என்.ஐ.டி. சீட்டுகளுக்கான மத்திய கலந்தாய்வு) சொந்த மாநிலம். என் பையன் படித்தது தமிழ்நாட்டில், அதனால் காரைக்காலில் அவன் வெளிமாநிலத்தான். பாதி இடங்கள் கொண்ட சொந்த மாநில ஒதுக்கீடு அவனுக்குத் திருச்சி என்.ஐ.டி.யில்தான். ஐ.ஐ.டி.களில் இந்த ஒதுக்கீடே கிடையாது. விருப்பப் பட்டியல் போடும்போது இதைப் பார்க்காமல், போன வருடக் கடைசி ரேங்கை மட்டும் பார்த்து நம்பிக்கை வைத்தவர்களை நிறையப் பார்த்தேன்.

இன்னொன்று, தேதி. ஜோசா முடியும் தறுவாயில்தான் தமிழ்நாடு கலந்தாய்வு சூடுபிடிக்கும். நாங்கள் ஜோசாவில் 'ஃப்ளோட்' கொடுத்து சீட்டைப் பிடித்து வைத்திருந்தோம்; அடுத்த சுற்றில் வேறு கல்லூரிக்குக்கூட மேலே போகலாம். 'ஸ்லைட்' கொடுத்தால் அதே கல்லூரிக்குள் பிரிவு மட்டும்தான் மாறும். விலகுவதென்றால் கடைசிச் சுற்றுக்கு முன்பே விலகிவிடுங்கள், இல்லாவிட்டால் கட்டிய பணம் போய்விடும். டி.சி.யை அவசரப்பட்டு எங்கேயும் கொடுக்காதீர்கள். திருப்பி வாங்குவதற்குள் உயிர் போய்விடும்.