ஏழு மாதம் வேலை இல்லை, இப்போது வீட்டுக்கடன் கிடைக்குமா? வெள்ளிக்கிழமைக்குள் தெரிய வேண்டும் (கனடா)

கேட்டவர்:
வணக்கம். போன வருடம் லேஆஃப் ஆகி ஏழு மாதம் வீட்டில் இருந்தேன். இப்போது வேறு கம்பெனியில் சேர்ந்திருக்கிறேன். 640,000 டாலருக்கு ஒரு டவுன்ஹவுஸ், ஆஃபரை ஏற்றுக்கொண்டார்கள், ஃபைனான்சிங் கண்டிஷன் (கடன் கிடைத்தால்தான் வாங்குவோம் என்ற நிபந்தனை) வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. இன்று வங்கியில் இடையில் ஏன் சம்பளம் வரவில்லை என்று கேட்டு ஃபைலை மேலே அனுப்பிவிட்டார்கள். மனைவி இரண்டு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. கிடைக்குமா, கிடைக்காதா?

ஸ்கார்பரோவிலிருந்து:
தம்பி, இப்போது உனக்கு வீடு எதற்கு? நான் 2009-ல் வந்தேன். முதல் குளிர்காலம் முழுக்க கிடங்கில் இரவு ஷிஃப்ட், ஒரு பேஸ்மென்ட்டில் இரண்டு குடும்பம், பஸ் நிறுத்தத்தில் நின்று அழுதிருக்கிறேன். ஆறு வருடம் வாடகையில் இருந்த பிறகுதான் வீட்டைப் பற்றி யோசித்தேன். இரண்டு வருடம் ஒரே வேலையில் இல்லாமல் எந்த வங்கியும் கொடுக்காது.

கால்கரியிலிருந்து:
இரண்டு வருடம் என்பது தவறு. எனக்கு வேலையில் சேர்ந்த மூன்றாவது வாரமே கிடைத்தது. வங்கியை விட்டுவிட்டு நல்ல புரோக்கரைப் பிடியுங்கள்.

ஸ்கார்பரோவிலிருந்து:
எவ்வளவு டவுன் பேமெண்ட் (கையிலிருந்து போடும் முன்பணம்) போட்டீர்கள்?

கால்கரியிலிருந்து:
35 சதவீதம். பழைய வீட்டை விற்ற பணம்.

ஸ்கார்பரோவிலிருந்து:
அதை முதலிலேயே சொல்ல வேண்டாமா!

ஒட்டாவாவிலிருந்து:
வங்கியைவிட இந்த "கனடிய அனுபவம்" என்ற ஒன்றுதான் நம்மைக் கொல்கிறது. பத்து வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தவனை முதல் படியிலிருந்து ஏறச் சொல்கிறார்கள். ஒன்டாரியோவில் 2026 ஜனவரியிலிருந்து 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கம்பெனிகள் வேலை விளம்பரத்தில் அதைக் கேட்கக்கூடாது என்று சட்டம் வந்திருக்கிறது, ஆனால் இன்டர்வியூவில் மனதுக்குள் என்ன நினைக்கிறார்களோ. வாடகையும் ஏறுகிறது, கார் இன்சூரன்ஸும் ஏறுகிறது, சம்பளம் மட்டும் அப்படியே நிற்கிறது.

மிசிசாகாவிலிருந்து:
அந்தக் கோபம் எனக்கும் உண்டு, ஆனால் இவருக்கு வெள்ளிக்கிழமை கெடு. தம்பி, நான் ஒரு மார்ட்கேஜ் அலுவலகத்தில் ஃபைல் பார்த்தவள். முதலில் சொல்லுங்கள்: நிரந்தர வேலையா, கான்ட்ராக்டா? ப்ரொபேஷன், அதாவது தகுதிகாண் காலம், முடிந்ததா? பிஆரா (நிரந்தர வதிவுரிமை), வொர்க் பெர்மிட்டா? கையில் எவ்வளவு, அது எங்கிருந்து வந்தது?

கேட்டவர்:
மன்னிக்கவும் அக்கா, பதற்றத்தில் எழுதாமல் விட்டுவிட்டேன். பிஆர். நிரந்தர வேலை, சேர்ந்து ஆறு வாரம், ப்ரொபேஷன் மூன்று மாதம். டவுன் பேமெண்ட் 64,000, அதில் 20,000 மாமனார் போன வாரம் அனுப்பியது.

மிசிசாகாவிலிருந்து:
அப்படியென்றால் அந்த ஏழு மாதத்தை நினைத்து இவ்வளவு பயப்பட வேண்டாம். மாதச் சம்பளக்காரருக்கு இன்றைய சம்பளத்தைத்தான் கணக்கில் எடுப்பார்கள். இரண்டு வருட சராசரி பார்ப்பது சொந்தத் தொழில், ஓவர்டைம், போனஸ் போன்றவற்றுக்கு. இடைவெளிக்கு லேஆஃப் கடிதத்தையும் ஈஐ (வேலையிழப்புக் காப்பீடு) வாங்கியதற்கான தாளையும் இணைத்து நாலு வரியில் உள்ளதைச் சொல்லுங்கள்.

சிக்கல் ப்ரொபேஷனில்தான் இருக்கிறது. இன்றே எச்ஆரிடம் பேசி, முழுநேர நிரந்தர வேலை, சம்பளம் இவ்வளவு, ப்ரொபேஷன் முடிந்தது அல்லது தளர்த்தப்பட்டது என்று கடிதம் கேளுங்கள். பல கம்பெனிகள் கேட்டால் தளர்த்திக் கொடுக்கும், கேட்காமல் யாரும் தாமாகக் கொடுக்க மாட்டார்கள். மனைவிக்கு வேலை இருந்தால் அவரையும் கடனில் சேருங்கள்.

மாமனார் பணத்துக்கு, இது திருப்பித் தர வேண்டியதில்லை என்று அவர் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும், உங்கள் கணக்கில் வந்து சேர்ந்ததற்கான தாளும் வேண்டும். மீதி 44,000-க்கு 90 நாள் ஸ்டேட்மென்ட் கேட்பார்கள்.

அப்புறம், 20 சதவீதத்துக்குக் கீழே போடுவதால் மார்ட்கேஜ் இன்சூரன்ஸ் உண்டு, நீங்கள் கடனைக் கட்டாமல் போனால் வங்கியைக் காப்பது அது. 10 சதவீதம் போட்டால் கடனில் 3.10 சதவீதம், உங்களுக்கு 17,856 டாலர். இது கடனோடு சேர்ந்துவிடும், ஆனால் அதன் மேல் ஒன்டாரியோ போடும் 8 சதவீத வரி, ஏறக்குறைய 1,430 டாலர், வீடு உங்கள் பெயருக்கு மாறும் குளோசிங் அன்று கையிலிருந்து கட்ட வேண்டும். நிறைய பேர் அங்கே மாட்டிக்கொள்கிறார்கள். தகுதி பார்க்கும்போது உங்கள் வட்டியோடு 2 சதவீதம் கூட்டிய விகிதம் அல்லது 5.25, எது அதிகமோ அதில்தான் கணக்குப் போடுவார்கள், மற்ற கடன்களும் அந்தக் கணக்கில் சேரும், அதனால் கார் லோன் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமைக்குள் முடியாது என்று தோன்றினால் ஏஜென்ட்டிடம் சொல்லி நாள் நீட்டிப்புக் கேளுங்கள். விற்பவரும் கையெழுத்துப் போட வேண்டும். எழுத்தில் அப்ரூவல் வராமல் அந்தக் கண்டிஷனை மட்டும் எடுத்துவிடாதீர்கள், எடுத்த பிறகு கடன் கிடைக்காவிட்டால் டெபாசிட் போய்விடும்.

ஸ்கார்பரோவிலிருந்து:
தம்பி, நான் சொன்னதை மனதில் வைக்காதே. அக்கா சொன்னபடி செய்.

கேட்டவர்:
எச்ஆரில் பேசிவிட்டேன், மேனேஜர் ஒப்புக்கொண்டால் நாளை கடிதம் தருகிறேன் என்றார்கள். ஏஜென்ட் புதன்கிழமை வரை நீட்டிப்புக் கேட்டிருக்கிறார். மாமனாருக்குக் கடித மாதிரியை அனுப்பிவிட்டேன்.

மிசிசாகாவிலிருந்து:
நல்லது. வங்கி தன்னுடைய படிவத்திலேயே அந்தக் கடிதத்தைக் கேட்கலாம், அவர் கையெழுத்துப் போடுமுன் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.