கடவுள் இயற்கையில் குறுக்கிட்டால் அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

வெண்கலமணி:
ஆற்றல் மாறா விதி இருக்கும்போது கடவுள் வெளியிலிருந்து கை வைத்தால் விதி உடைந்துவிடாதா? உடையாது என்றால், அற்புதம் நடந்ததாக ஒருவர் சொல்வதை எந்த முறையில் சோதிப்பது? "நம்பினால் உண்டு", "எல்லாம் கண்கட்டு" இரண்டும் கேட்டுச் சலித்த பதில்கள், அவை வேண்டாம்.

படித்துறை:
முதல் பாதிக்கு மட்டும் சொல்கிறேன். உடையாது. வெளியிலிருந்து ஒன்றும் புகாத அமைப்பில் மொத்த ஆற்றல் மாறாது என்கிறது அந்த விதி. வெளியே ஒன்றுமே இல்லை என்று அது சொல்வதில்லை. கேரம் காய்கள் எங்கே போய் நிற்கும் என்று சரியாகக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறீர்கள், நடுவில் ஒருவர் ஒரு காயை விரலால் தள்ளிவிடுகிறார். தப்பியது கணக்கு, இயக்க விதி அல்ல. ஆனால் இதில் கிடைப்பது "நடக்க முடியாதது அல்ல" என்பது மட்டும்தான். "நடந்தது" என்பதற்கு இங்கிருந்து பாலம் கிடையாது.

விரல் தெரியாமலே தள்ளலாமே என்று குவாண்டம் பக்கம் போனவர்களும் உண்டு. இறையியலாளர் ராபர்ட் ஜான் ரஸ்ஸல் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்: அணுவளவில் முடிவு முன்பே நிச்சயமாகாததால், கடவுள் அங்கே ஒன்றைத் தேர்ந்தால் எந்த விதியும் மீறப்படாது. சிக்கல் அளவில் வருகிறது. முறிந்த எலும்பு நொடியில் கூட வேண்டுமென்றால் கோடானுகோடி அணு நிகழ்வுகள் ஒரே பக்கம் சாய வேண்டும். அது புள்ளிவிவரத்தில் தெரியாமல் போகாது. மரபணுத் திடீர்மாற்றம் போல ஒரு சிறு நிகழ்வு பெரிதாக விரியும் இடங்களில்தான் இந்தக் கொள்கைக்கு மூச்சு இருக்கிறது.

நிறைகோல்:
தமிழில் இந்த விவாதம் தடம் புரள ஒரு சொல்லே காரணம். இடைக்காலக் கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் சொல்லும் கடவுளை, எல்லாவற்றுக்கும் மூலமாக நின்று இயக்குபவர் என்ற பொருளில் "முதற்காரணம்" என்று எழுதுகிறார்கள். சைவ சித்தாந்தத்தில் முதற்காரணம் என்பது குடத்துக்கு மண், சக்கரம் துணைக்காரணம், குயவன்தான் நிமித்த காரணம். இரு தரப்பாரும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வேறு வேறு பொருளில் சண்டை போடுகிறார்கள். சித்தாந்தி பார்வையில் "குறுக்கீடு" என்ற பேச்சே பொருந்தாது. சூரியன் முன்னிலையில் ஒரு தாமரை மலர்கிறது, ஒன்று வாடுகிறது, சூரியன் எதையும் தொடுவதில்லை. கடவுளும் அப்படித்தான் என்பார்கள்.

மணல்கடிகை:
சோதனைக்கு வருவோம். தத்துவஞானி டேவிட் ஹியூம் 1748-இல் கேட்டது இதுதான்: சாட்சி பொய்யாகப் போவது, அந்த அற்புதத்தைவிடப் பெரிய அதிசயமா? 1837-இல் கணித அறிஞர் சார்லஸ் பாபேஜ் இதற்குக் கணக்கிலேயே பதில் சொன்னார். உதாரணத்துக்கு என் எண்களைப் போட்டுப் பார்க்கிறேன். நிகழ்வு கோடியில் ஒன்று. சாட்சி ஆயிரத்தில் ஒருமுறை தவறுவார். ஒரே சாட்சி என்றால், அது உண்மையாக இருக்க வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று. மூன்று சாட்சிகள் என்றால் உண்மைக்கு நூறு, பொய்க்கு ஒன்று என்று தராசு உண்மையின் பக்கம் சாய்ந்துவிடும். ஆனால் மூவரும் ஒருவரிடமிருந்து ஒருவர் கேட்காமல் தனித்தனியே பார்த்திருக்க வேண்டும். பேசிவைத்த மூவர் ஒரே சாட்சிக்குச் சமம். பெரும்பாலான செய்திகள் விழுவது இங்கேதான்.

நோய் தீர்ந்த வழக்குகளுக்கு லம்பர்தீனி (பின்னாளில் போப் பதினான்காம் பெனடிக்ட்) 18-ஆம் நூற்றாண்டில் வகுத்த அளவுகோல் இன்னும் பயன்படுகிறது. நோய் கடுமையானதாக இருக்க வேண்டும், தானாகத் தணியும் கட்டத்தில் இருக்கக் கூடாது. மருந்து கொடுத்திருக்கக் கூடாது, அல்லது கொடுத்தும் பலித்திருக்கக் கூடாது. குணம் திடீரென்று, முழுமையாக வந்து, திரும்பாமல் நிலைக்க வேண்டும். பிரான்ஸில் உள்ள கத்தோலிக்கத் திருத்தலமான லூர்தில் 1883 முதல் மருத்துவப் பணியகம் இருக்கிறது. பதிவான குணங்கள் 7,000-க்கும் மேல். திருச்சபை அற்புதம் என ஏற்றவை 70-ஐ ஒட்டியே. முக்கியமானது: மருத்துவர்கள் "இன்றைய அறிவால் விளக்க முடியவில்லை" என்பதோடு நிறுத்துகிறார்கள், "அற்புதம்" என்று அறிவிப்பது ஆயர். வழக்கு தள்ளுபடியாவதற்கு வழக்கமான காரணம் முந்தைய நோயறிதலுக்குத் திசுப் பரிசோதனையோ படமோ இல்லாதது. இப்போது எல்லாரும் சிகிச்சை எடுப்பதால் மருந்து நிபந்தனையைத் தாண்டுவதும் கடினம்.

வெண்கலமணி:
நன்றி. பிரார்த்தனையை மருந்து போலப் பரிசோதித்தார்களாமே?

மணல்கடிகை:
2006-இல் வெளியானது. இதய பைபாஸ் அறுவை செய்துகொண்ட 1,802 பேர், 6 மருத்துவமனைகள், மூன்று குழுக்கள். பிரார்த்தனை 14 நாள், அறுவைக்கு முந்தைய இரவிலிருந்து. தனக்காக ஜெபிக்கிறார்களா என்று தெரியாதவர்களில், ஜெபிக்கப்பட்டவர்களுக்குச் சிக்கல் 52%, ஜெபிக்கப்படாதவர்களுக்கு 51%. உறுதியாகத் தெரிந்தவர்களுக்கு 59%! பதற்றம் காரணமாக இருக்கலாம் என்று ஊகித்தார்கள். "ஜெபிக்கப்படாத" குழுவுக்கு வீட்டார் ஜெபிப்பதை யார் தடுக்க முடியும்? தவிர, மாத்திரைக்கு விருப்பு வெறுப்பு இல்லை. கடவுளுக்கு உண்டு என்றால் இந்தச் சோதனை முறையே அவரைப் பிடிக்காது. எனவே அது கடவுளை மறுக்கவில்லை. பிரார்த்தனை மாத்திரை போல வேலை செய்கிறது என்ற கூற்றுக்குத்தான் அடி.

படித்துறை:
ஒரு கூடுதல் எச்சரிக்கை, மறுப்பவர்களுக்கு. இத்தாலியின் நேப்பிள்ஸில் புனித ஜனுவாரியுஸின் ரத்தம் எனப்படுவது குப்பிக்குள் உருகுகிறது. 1991-இல் மூன்று இத்தாலிய வேதியியலர்கள் ஃபெரிக் குளோரைடு 25 கிராமை 100 மி.லி. நீரில் கரைத்து, 10 கிராம் கால்சியம் கார்பனேட்டை மெதுவாகச் சேர்த்து, சவ்வுப் பையில் நான்கு நாள் கழுவி, கொஞ்சம் சமையல் உப்பு இட்டார்கள். அசைத்தால் இளகி, விட்டால் இறுகும் கரும்பழுப்புக் கூழ் கிடைத்தது. இடைக்காலத்திலேயே செய்திருக்க முடியும் என்று இது காட்டுகிறது. குப்பிக்குள் இருப்பது அதுதான் என்று காட்டவில்லை, ஏனென்றால் குப்பியைத் திறந்து மாதிரி எடுத்ததில்லை. திருச்சபையும் அதை அதிகாரபூர்வமாக அற்புதம் என்று அறிவித்ததில்லை.