64 கோர் போட்டும் மைஎஸ்கியூஎல் திணறுவது ஏன்?

செந்தில்_டிபிஏ:
எங்கள் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில், தள்ளுபடி விற்பனை தொடங்கியதும் எல்லா ஆர்டரும் ஒரே பொருளின் ஸ்டாக்கைக் குறைக்க ஒரே ரோவுக்கு (டேபிளின் ஒரு வரிசைக்கு) வருகின்றன. சர்வரின் 16 சிபியு கோரை 64 ஆக்கினோம், கனெக்‌ஷன் பூலையும் (தரவுத்தளத்துக்குத் திறந்து வைத்திருக்கும் இணைப்புகளின் தொகுப்பு) பெரிதாக்கினோம். வேகம் இன்னும் குறைந்தது. மைஎஸ்கியூஎல்லின் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபி இதற்கு லாயக்கில்லை, போஸ்ட்கிரெஸ் என்ற வேறு தரவுத்தளத்துக்கு மாறுவதே வழி என்கிறேன்.

காவிரிக்கரை:
ஒப்புக்கொள்ள மாட்டேன் சார். போஸ்ட்கிரெஸிலும் ஒரு ரோவை ஒரு சமயத்தில் ஒரு டிரான்சாக்‌ஷன்தான் (ஒன்றாக நிறைவேறும் செயல்களின் தொகுதி) மாற்ற முடியும், மற்றவை அது கமிட் ஆகும்வரை (மாற்றத்தை உறுதிசெய்து முடிக்கும்வரை) நிற்கும். ரோவின் மீதான பூட்டு, அதாவது லாக், 5 மில்லிசெகண்ட் பிடிபட்டால் நொடிக்கு 200 அப்டேட்தான் உச்சம். கோரைக் கூட்டினால் இந்தக் கணக்கு மாறாது. ஸ்டாக் அப்டேட்டை டிரான்சாக்‌ஷனில் எங்கே வைத்திருக்கிறீர்கள்?

செந்தில்_டிபிஏ:
முதல் வரியில். அப்புறம் ஆர்டர் இன்சர்ட், பேமெண்ட் கேட்வே அழைப்பு, கமிட். ஆனால் லாக்குக்குக் காத்திருக்கும் திரெட் (வேலையைச் செய்யும் இழை) தூங்கத்தானே வேண்டும்? சிபியு ஏன் கொதிக்கிறது? எஞ்சின் உள்ளேயே மியூடெக்ஸ் (ஒரு சமயத்தில் ஒரு திரெட்டை மட்டும் விடும் உள்பூட்டு) சண்டை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி? குவெரி முடிவுகளைச் சேமித்து வைத்த குவெரி கேஷும் ஒற்றை மியூடெக்ஸில் மாட்டித் தவித்ததால்தானே 8.0-இல் தூக்கினார்கள்?

காவிரிக்கரை:
கேட்வே பதில் வரும்வரை ரோவைப் பூட்டி வைத்திருக்கிறீர்களே, முதல் வியாதி அதுதான்! அந்த அழைப்பை டிரான்சாக்‌ஷனுக்கு வெளியே எடுங்கள். ஸ்டாக் அப்டேட்டை கமிட்டுக்குச் சற்று முன்னால் வையுங்கள்.

சிபியு விஷயத்தில் நீங்கள் சொல்வதில் நியாயம் உண்டு. எந்த வெர்ஷன்?

செந்தில்_டிபிஏ:
5.7.

காவிரிக்கரை:
அப்படியானால் காரணம் பெரும்பாலும் டெட்லாக் (ஒருவருக்காக ஒருவர் முடிவில்லாமல் காத்து நிற்பது) இருக்கிறதா என்ற சோதனை. 5.7-இல் காத்திருக்கப்போகும் ஒவ்வொரு திரெட்டும் லாக் சிஸ்டத்தின் ஒற்றை மியூடெக்ஸைப் பிடித்துக்கொண்டு, யார் யாருக்காக நிற்கிறார்கள் என்று தேடும். ஒரே ரோவில் நூற்றுக்கணக்கானோர் நின்றால் அந்தத் தேடலே சுமை. 8.0.18-இல் அதைப் பின்னணித் திரெட்டுக்கு மாற்றினார்கள். 8.0.21-இல் அந்த மியூடெக்ஸையே துண்டு துண்டாகப் பிரித்தார்கள்.

நெல்லைபேக்எண்ட்:
பூலையும் சுருக்குங்கள். இன்னோடிபி திரெட் கன்கரன்சி (ஒரே சமயத்தில் உள்ளே விடும் திரெட்டுகளின் வரம்பு) இயல்பாக 0, அதாவது வரம்பே இல்லை. ஆயிரம் பேரை உள்ளே விட்டால் எல்லாரும் அந்த ஒரு ரோவில்தான் முட்டுவார்கள். ஸ்டாக்கைப் பத்து ரோவாகப் பிரித்தும் வைக்கலாம்.

செந்தில்_டிபிஏ:
பிரிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு ரோ காலியாகி இன்னொன்றில் பொருள் இருந்தால், வாங்க வந்தவருக்கு 'இல்லை' என்று காட்டுவோம். அடுத்த ரோவைத் தேடும் கோடு எழுதினால் அங்கேயும் லாக்தான். கேட்வேயை வெளியே எடுக்கிறேன், 8.0-இலும் சோதிக்கிறேன். ஆனால் 5.7-இன் மியூடெக்ஸ் எஞ்சினின் குறைதான், அதிலிருந்து இறங்கமாட்டேன்.