பல நாடுகளுக்கு ஓர் ஆர்டர் பக்கம்: டிசைன் குழுவை நடத்தியவர்களின் அனுபவங்கள்

முதல் பதிவு: டிசைன் குழுத் தலைவர், சென்னை

பல நாடுகளில் விற்பனை செய்யும் ஓர் இணைய வணிக நிறுவனத்தின் டிசைன் குழுவை நான் நடத்திவருகிறேன். கார்ட்டில் தொடங்கிப் பணம் செலுத்தும் திரை வரையிலான பக்கங்களும், ஆர்டர் போட்ட பிறகு வாடிக்கையாளர் நாளுக்கு நாலு முறை திறந்து பார்க்கும் ‘உங்கள் ஆர்டர்’ பக்கமும் எங்கள் பொறுப்பு. இந்தியா, ஜெர்மனி, ஜப்பான், ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய நான்கு சந்தைகளையும் இதே குழுதான் கவனிக்கிறது.

நான் பொறுப்பேற்றபோது நிர்வாகம் விரும்பியது ஒன்றே ஒன்றுதான்: வடிவம் எல்லா நாட்டுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும், மொழி மட்டும் மாறினால் போதும். நான்கு தனித்தனிப் பக்கங்களைப் பராமரிக்கும் செலவை நினைத்தால் அந்த விருப்பத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எதை ஒன்றாக வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்பதை டிசைனரின் ரசனை தீர்மானிப்பதில்லை. பல இடங்களில் அதைச் சட்டமே தீர்மானித்துவிடுகிறது. ஜெர்மனியில் 2012 ஆகஸ்ட் 1 முதல், கடைசிப் பொத்தானை அழுத்தினால் பணம் கொடுக்கும் கடமை உண்டாகும் என்பது அந்தப் பொத்தானிலேயே ஐயத்துக்கு இடமின்றி எழுதப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் ஒப்பந்தமே ஏற்பட்டதாகக் கொள்ளப்படாது. பக்கத்தின் வேறு இடத்தில் விளக்கியிருக்கிறோமே என்று வாதிடவும் வழியில்லை. பொத்தானில் உள்ள சொற்களை மட்டுமே பார்க்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2022 ஏப்ரலில் சொல்லிவிட்டது. ஜப்பானில், 2022 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அளவு, கட்டணம், பணம் செலுத்தும் காலமும் முறையும், பொருள் வந்து சேரும் காலம், சலுகைக்குக் காலவரம்பு இருந்தால் அது, ரத்து செய்யும் விதம் ஆகிய அனைத்தும் இறுதி உறுதிப்படுத்தும் திரையில் இடம்பெற வேண்டும். நம் நாட்டில் 2023 நவம்பர் 30 அன்று வெளியான வழிகாட்டு நெறிமுறைகள் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தன. கேட்காமலே கார்ட்டில் நன்கொடையைச் சேர்ப்பதும், இல்லாத அவசரத்தைக் காட்டி வாங்க வைப்பதும் அதில் அடக்கம். ‘இன்னும் பத்து நிமிடங்களே’ என்று ஓடும் கடிகாரம் வேண்டும் எனக் கேட்டு வந்தவர்களிடம் நான் நீண்டகாலமாகச் செய்துவந்த வாதத்தை அந்த ஆவணம் எனக்காகச் செய்து முடித்தது. அந்த வகையில் அதை இயற்றியவர்களுக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

இறுதியில் நாங்கள் வந்து சேர்ந்த ஏற்பாடு இதுதான். பக்கத்தின் எலும்புக்கூடு, எழுத்துரு, பிழைச் செய்தி தோன்றும் இடம், பின்னால் போகும் வழி ஆகியவை எல்லா நாட்டுக்கும் பொது. முகவரி, விலை விவரம், பணம் செலுத்தும் முறை, கடைசிப் பொத்தான் ஆகிய நான்கு பகுதிகளை மட்டும் அந்தந்தச் சந்தையின் டிசைனர் மாற்றலாம்; அங்கே அவர் வேண்டாம் என்று சொன்னால் நானும் அதை மீற மாட்டேன். ஜப்பானிய வாடிக்கையாளர் எதை எதிர்பார்ப்பார் என்பதைச் சென்னையில் உட்கார்ந்துகொண்டு வாக்கெடுப்பு நடத்தி முடிவு செய்த கூட்டங்களைப் பார்த்தவன் என்பதால், இந்த ஒரு விதியில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

இவற்றுள் அதிக உழைப்பைக் கேட்டது முகவரிதான். ஜப்பானில் ஏழு இலக்க அஞ்சல் குறியீட்டை இட்டால் மாகாணம், நகரம், பேட்டை வரை தானாக நிரம்ப வேண்டும் என்பது அங்கே அடிப்படை எதிர்பார்ப்பு. அதன் பிறகு மனை எண்ணும் கட்டடப் பெயரும் அறை எண்ணும் மட்டுமே கையால் நிரப்ப வேண்டியவை. குடும்பப் பெயர் முதலில் வரும், பெயரை எப்படி உச்சரிப்பது என்பதற்குத் தனிக் கட்டமும் இருக்கும். எங்கள் பழைய படிவத்தில், ஒருவர் ஜப்பானிய விசைப்பலகையிலிருந்து மாறாமலே தொலைபேசி எண்ணைத் தட்டும்போது எண்கள் அகன்ற வடிவில் விழுந்தன. கணினிக்கு அவை வேறு எழுத்துகள் என்பதால், ‘எண்களைக் குறுகிய வடிவில் இடவும்’ என்ற சிவப்பு வரி உடனே எழுந்தது. பயனர் சோதனையில் ஒரு பெண்மணி தாம் இட்ட எண்ணை ஒவ்வொன்றாக மறுபடி வாசித்துப் பார்த்தார். எண் சரியாகத்தான் இருந்தது. அகன்ற எண்ணைக் குறுகிய எண்ணாக மாற்றுவது டெவலப்பருக்குச் சில வரி வேலை. அந்தச் சிவப்பு வரியை மேலும் பணிவான நடையில் எழுதித் தரும்படி கேட்டிருந்தார்கள். நாங்கள் அந்த வரியையே எடுத்துவிட்டோம்.

அமீரகத்தில் கதையே வேறு. வீட்டுக்கு வீடு அஞ்சல் குறியீடு கிடையாது. வரைபடத்தில் ஊன்றும் குறியும் தொலைபேசி எண்ணும்தான் உண்மையான முகவரி. அரபிப் பக்கம் வலமிருந்து இடமாக ஓடினாலும் தொலைபேசி எண் இடமிருந்து வலமாகத்தான் வாசிக்கப்படும். திசை சரியாகக் குறிக்கப்படாத இடங்களில் +971 என்பதிலுள்ள கூட்டல் குறி எண்ணின் மறுபக்கம் போய் ஒட்டிக்கொண்டு நின்றது. ஆங்கிலப் பக்கத்தில் மட்டும் சோதித்துவிட்டு அனுமதி கொடுக்கும் எந்தக் குழுவுக்கும் இது கண்ணில் படாது. அதனால் எங்கள் மறுஆய்வுக் கூட்டத்தில் ஃபிக்மா என்ற டிசைன் மென்பொருளில் வரைந்த அழகான மாதிரித் திரைகளுக்கு இடமில்லை. ஜெர்மனியின் நீண்ட சொற்கள், 1.234,50 என்று எழுதப்படும் யூரோ விலை, பைசா என்பதே இல்லாத யென், 1,00,000 என்று பிரிக்கப்படும் ரூபாய், நாலு வரி நீளும் ஹைதராபாத் முகவரி ஆகியவற்றால் நிரப்பிய திரையைத்தான் டிசைனர் கொண்டுவர வேண்டும். முன்னெழுத்தோடு ஒற்றைப் பெயர் மட்டும் உடைய நம்மவர்களையும் அதில் சேர்த்தோம். ‘கடைசிப் பெயரில் குறைந்தது இரண்டு எழுத்துகள் வேண்டும்’ என்று தங்கள் பெயரையே ஏற்காத படிவத்தைக் குழுவில் பாதிப் பேர் வேறெங்கோ சந்தித்திருந்ததால், இதற்கு யாரிடமும் விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை.

அளவீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். கார்ட்டில் பொருளைப் போட்டவர்களில் சராசரியாக 70 விழுக்காட்டினர் வாங்காமலே போகிறார்கள் என்ற, இணையக் கடைகளை ஆராயும் பேமார்ட் நிறுவனத்தின் கணக்கு எல்லாக் கூட்டங்களிலும் காட்டப்படும். அது உண்மையாக இருந்தாலும், நான்கு சந்தைகளைச் சேர்த்து எடுத்த சராசரியை வைத்து ஒரு டிசைனரும் எதையும் திருத்த முடியாது. இந்தியாவில் கேஷ் ஆன் டெலிவரியை எளிதாக்கினால் ஆர்டர் எண்ணிக்கை ஏறும், இரண்டு வடிவங்களை இரு பயனர் குழுக்களிடம் ஒப்பிட்டுப் பார்க்கும் ஏ/பி டெஸ்ட்டில் அது வெற்றியாகத் தெரியும்; வாசலில் வாங்க மறுக்கப்பட்டுக் கிடங்குக்கே திரும்பும் ஆர்டர்களின், அதாவது ஆர்டிஓ (ரிட்டர்ன் டு ஒரிஜின்) கணக்கு வந்து சேரும்போது அந்த வெற்றி பாதியாகக் கரைந்திருக்கும். டெலிவரிக் குழுவின் அறிக்கை வரும் முன் இந்தியச் சோதனை எதையும் முடிந்ததாக எழுதக் கூடாது என்று நாங்கள் வைத்துக்கொண்டது இதனால்தான்.

மறுமொழி: வாடிக்கையாளர் சேவையிலிருந்து பயனர் ஆய்வுக்கு மாறியவர், கோயம்புத்தூர்

பணம் செலுத்தும் செக்-அவுட் பக்கத்துக்குக் கிடைக்கும் கவனத்தில் கால்வாசிகூட ஆர்டர் போட்ட பிறகு வரும் பக்கத்துக்குக் கிடைப்பதில்லை என்பது என் அனுபவம். நான் தொலைபேசியில் வேலை பார்த்த காலத்தில் வந்த அழைப்புகளில் பெரும்பாலானவை ‘என் பொருள் எங்கே’ என்பதும் ‘என் பணம் எங்கே’ என்பதும்தான். இரண்டாவது வகைதான் கடினம். ஆர்டர் பக்கம் ‘பணம் திருப்பி அனுப்பப்பட்டது’ என்று பச்சை நிறத்தில் சொல்லும், வங்கிக் கணக்கில் வந்திருக்காது, வங்கியில் கேட்டால் பரிவர்த்தனை எண் கேட்பார்கள், அந்த எண்ணோ எங்கள் கணினியில் மட்டுமே இருக்கும். வாடிக்கையாளர் எங்களுக்கு அழைத்து, நாங்கள் ஒவ்வொரு இலக்கமாக வாசித்து, அவர் காகிதத்தில் எழுதிக்கொள்வார்.

டிசைன் குழுவில் சேர்ந்தபோது நான் முதலில் கேட்டது அந்த எண்ணைப் பக்கத்தில் காட்டும்படிதான். யுபிஐ என்றால் 12 இலக்கக் குறிப்பு எண், அட்டை என்றால் அதற்குரிய நீண்ட எண், பக்கத்திலேயே நகலெடுக்கும் பொத்தான். சாதாரண மனிதருக்கு இவ்வளவு பெரிய எண் எதற்கு, திரை அசிங்கமாகிவிடும் என்று ஆட்சேபம் வந்தது. எங்கள் குழுத் தலைவர் ஆட்சேபித்த டிசைனரையே ஒரு பிற்பகல் முழுவதும் ஹெட்செட்டை மாட்டி அழைப்புகளைக் கேட்க வைத்தார். மறுநாள் எண்ணுக்கு இடம் ஒதுக்கிய படத்தை அவரே வரைந்து கொண்டுவந்தார். எந்த நாட்டுச் சந்தையானாலும் புதிய டிசைனரை முதலில் சேவைப் பிரிவில் உட்கார வைக்கலாமா என்று முதல் பதிவிட்டவரிடம் கேட்க விரும்புகிறேன்.

மறுமொழி: பிரேசில் சந்தைக்குப் பணியாற்றும் டிசைனர், சிங்கப்பூர்

முதல் பதிவில் திறந்துவைக்கப்பட்ட நான்கு பகுதிகள் பிரேசிலுக்குப் போதாது. அங்கே படிவத்தில் 11 இலக்க சிபிஎஃப் வரி எண்ணைக் கேட்டாக வேண்டும்; வாடிக்கையாளர் அதற்கு முகம் சுளிப்பதில்லை, கேட்காமல் விட்டால்தான் சந்தேகப்படுவார். விலையின் பக்கத்திலேயே எத்தனை தவணை, தவணைக்கு எவ்வளவு என்று காட்டாவிட்டால் அந்தப் பொருளுக்கு விலையே எழுதாதது போலாகும். 2020 நவம்பரில் அந்நாட்டு மத்திய வங்கி பிக்ஸ் என்ற உடனடிப் பணப் பரிமாற்ற முறையைக் கொண்டுவந்த பிறகு இன்னொன்றும் சேர்ந்தது. ஆர்டர் பக்கத்தில் க்யூஆர் குறியைப் பெரிதாகக் காட்டி மகிழ்ந்திருந்தோம். கைபேசியில் வாங்குகிறவர் தன் கைபேசியின் திரையைத் தானே எப்படி ஸ்கேன் செய்வார்? அங்கே நகலெடுத்து வங்கிச் செயலியில் ஒட்டும் நீண்ட குறியீடுதான் முதன்மை. கைபேசித் திரையில் அதை மேலே கொண்டுவந்து, க்யூஆர் குறியைக் கணினித் திரைக்கு மட்டும் வைத்தோம்.

மறுமொழி: முதல் பதிவிட்டவர்

சேவைப் பிரிவில் உட்கார வைப்பதை நாங்களும் செய்கிறோம், ஆனால் முதல் வாரத்தில் இல்லை. பக்கத்தின் எந்தப் பகுதி எங்கே இருக்கிறது என்று தெரிந்த பிறகு கேட்டால்தான், அழைப்பவர் எந்தத் திரையில் நின்றுகொண்டு பேசுகிறார் என்பது டிசைனருக்குப் புரிகிறது.

பிக்ஸைப் போல ஆர்டர் போட்ட பிறகு பணம் கட்டுவது ஜப்பானிலும் உண்டு. அங்கே பலர் இணையத்தில் ஆர்டர் போட்டுவிட்டு அருகிலுள்ள கன்வீனியன்ஸ் ஸ்டோரில் பணம் கட்டுகிறார்கள். ஆகவே ஆர்டர் உண்டு, பணம் இன்னும் இல்லை என்ற நிலை கெடு முடியும்வரை நீடிக்கலாம். எங்கள் பொது வடிவத்தில் அந்த நிலையே இல்லாமல் இருந்தது, ஏனென்றால் அதை முதலில் வரைந்தவர்கள் அட்டையை மட்டும் மனத்தில் வைத்திருந்தார்கள். இப்போது ‘பணத்துக்காகக் காத்திருக்கிறோம்’ என்பது எல்லாச் சந்தைக்கும் பொதுவான நிலை. அதற்குள் காட்ட வேண்டிய எண்ணையும் கெடு நேரத்தையும், கெடு தாண்டினால் ஆர்டர் என்ன ஆகும் என்ற வரியையும் அந்தந்த ஊர் டிசைனர் எழுதிக்கொள்கிறார். வரி எண்ணுக்கும் தவணைக்கும் என்ன செய்வது என்பது பிரேசில் எங்கள் கைக்கு வந்தால் பார்க்க வேண்டியது. அப்படி வந்தால் உங்கள் படிவத்தைக் காட்டும்படி கேட்டு நானே எழுதுவேன்.