பழைய இலவம்பஞ்சுத் தலையணைக்கு மாற்று: ஆலோசனை வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். நான் தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டில் வசிக்கிறேன். என் திருமணத்தின்போது அம்மா, கொல்லையில் நின்ற இலவமரத்துக் காய்களை உடைத்து, விதை நீக்கித் தைத்துக் கொடுத்த தலையணையில்தான் 19 ஆண்டுகளாக உறங்கிவருகிறேன். இலவம்பஞ்சின் இழை உள்ளே குழாய்போல் வெறுமையாக இருப்பதால்தான் அது அத்தனை லேசாக இருக்கிறது. ஆனால் ஆண்டுக்கணக்கில் அழுந்தியதில் அந்த இழைகள் நொறுங்கித் தூளாவதை இப்போது கண்கூடாகக் காண்கிறேன். வெயிலில் போட்டுத் தட்டினாலும் உப்புவதில்லை. நடுவில் பள்ளம், ஓரங்களில் கட்டி. விடியும்போது கழுத்து பிடித்துக்கொள்கிறது.

ஒருக்களித்துப் படுக்கும் எனக்குத் தோளுக்கும் காதுக்கும் இடையிலுள்ள இடைவெளியை நிரப்பும் உயரம் தேவை. கடையில் வாங்கிய செயற்கைப் பஞ்சுத் தலையணை இரண்டே மாதத்தில் தட்டையாகிவிட்டது. ரப்பர் நுரைத் தலையணையோ கோடையில் சூடேறுகிறது (என் கணவர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்).

ஆகவே, தருமபுரி, காரிமங்கலம், கிருஷ்ணகிரிப் பகுதிகளில் கலப்படமில்லாத இலவம்பஞ்சைக் கண்ணெதிரே நிரப்பித் தைத்துத் தருபவர் இருந்தால் தெரிவியுங்கள். என் உயரத் தேவைக்கு எவ்வளவு பஞ்சு பிடிக்கும், பழைய பஞ்சில் தேறுவதைப் புதியதோடு கலக்கலாமா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். அம்மா தைத்த உறையை மட்டும் விட மனமில்லை; துவைத்து மீண்டும் பயன்படுத்த எண்ணியிருக்கிறேன்.