அண்டார்டிகாவில் நம்ம நிலையங்களுக்கு ஜெனரேட்டர் தேவைதானா?

பாலாறு_நேசன் (ஆம்பூர்):
அண்டார்டிகாவுல இருக்கிற நம்ம இந்திய ஆராய்ச்சி நிலையங்கள் மைத்ரி, பாரதி ரெண்டும் இன்னும் ஜென்செட்டை (டீசல் ஜெனரேட்டர்) நம்பித்தான் ஓடுது. ஒரு லிட்டர் டீசல் எரிஞ்சா சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு; கொண்டுபோற கப்பல் குடிக்கிறது தனி. பெல்ஜியத்தோட பிரின்சஸ் எலிசபெத் நிலையம் 2009லேயே காற்றாலை, சோலாருக்கு வந்தாச்சு. நமக்கு என்ன தடை?

காட்பாடி_ஜென்செட்:
பெல்ஜியம் நிலையத்துல கோடையில மட்டும்தான் ஆள் இருக்கு. நம்ம ரெண்டும் வருஷம் முழுக்க. சூரியனே எட்டிப்பார்க்காத மாசத்துல சோலார் எதுக்கு? அதோட, எஞ்சின்ல ஊத்துற எண்ணெயில 40% கிட்டத்தான் கரண்டாகுது, மிச்சம் சூடு. பாரதியில ஜாக்கெட் தண்ணியோட (எஞ்சினைச் சுத்தி ஓடிக் குளிர்விக்கிற தண்ணி) அந்தச் சூட்டை எடுத்துத்தான் கட்டடத்தைக் கதகதப்பா வைக்கிறாங்க. செட்டை நிறுத்தினா ஹீட்டிங்கும் போச்சு.

பாலாறு_நேசன்:
குளிர்காலத்துல காத்து இருக்கே! ஆஸ்திரேலியாவோட மாசன் நிலையத்துல 2003ல 300 கிலோவாட் காற்றாலை ரெண்டு போட்டாங்க. அண்டார்டிகாவோட ராஸ் தீவுலயும் 330 கிலோவாட்ல மூணு போட்டாங்க.

காட்பாடி_ஜென்செட்:
2017 நவம்பர்ல மாசன் காற்றாலை ஒண்ணோட தலையே கீழ விழுந்ததையும் சேர்த்துச் சொல்லுங்க. காத்து நல்லா அடிச்சா காற்றாலையே கரண்டு கொடுத்துடும், செட் லோடு 30%க்குக் கீழ இறங்கும். சிலிண்டர் சரியா சூடாகாது, எரியாத எண்ணெய் சைலன்சர்ல கருப்பா வடியும், இன்ஜெக்டர்ல (எண்ணெய் பீச்சுற முனை) கரி கட்டும். பெரிய செட்டை வாங்கிட்டு நாலு ஃபேனுக்கு ஓட்டுற கல்யாண மண்டபத்துல போய்ப் பாருங்க.

பாலாறு_நேசன்:
ஒரே பெரிய செட்டுக்குப் பதிலா சின்னதா மூணு வைங்க, லோடு ஏற ஏற ஒண்ணொண்ணா ஸ்டார்ட் ஆகட்டும். ராஸ் தீவுல 500 கிலோவாட் ஃப்ளைவீல் (சுழற்சியில சக்தியைச் சேமிச்சு வைக்கிற கனமான சக்கரம்) வச்சாங்க. காத்து சட்டுனு விழுந்தா அடுத்த செட் எடுக்கிற வரைக்கும் அதுவே தாங்கும்.

சத்துவாச்சாரி_நீர்:
புகையை விட்டுத் தரையையும் பாருங்கப்பா. ஓரிங் (குழாய் ஜாயின்ட்டை அடைக்கிற ரப்பர் வளையம்) குளிர்ல விறைச்சுச் சுருங்கும், எண்ணெயைப் பம்ப் பண்றப்போ ஜாயின்ட் கசியும். டேங்க்கைச் சுத்தித் தொட்டி கட்டியிருந்தாலும், அதுல பனி நிறைஞ்சா சிந்தின எண்ணெய்க்கு இடமேது? கழிவுநீர் இன்னும் மோசம். கோடையில வாரச் சராசரி சுமார் 30 பேரோ அதுக்கு மேலயோ இருந்தா, குறைஞ்சது அரைச்சாவது கடல்ல விடணும்கிறது அண்டார்டிகா சுற்றுச்சூழலுக்கான 1991 மாட்ரிட் ஒப்பந்தம்; அதாவது முழுசா சுத்திகரிக்காமலே விடலாம். வாணியம்பாடி டேனரிக்கு இப்படி அனுமதி கொடுத்தா நாம சும்மா இருப்போமா?

காட்பாடி_ஜென்செட்:
டேனரியில பிரச்சினை உப்பும் குரோமும், இது வேற. முழுசா சுத்திகரிக்கணும்னா நுண்ணுயிர் வேலை செய்யத் தொட்டி சூடா இருக்கணும். அதுக்கும் ஜாக்கெட் தண்ணிதான்.

பாலாறு_நேசன்:
உபரிக் காத்துக் கரண்டை எலக்ட்ரிக் பாய்லருக்கு விட்டா அந்தச் சூடும் வந்துடும். காத்து விழுந்தா மட்டும் செட்.

காட்பாடி_ஜென்செட்:
அந்த ஸ்டாண்ட்பை செட் உடனே எடுக்கணும்னா கூலன்ட் ஹீட்டர் (நிக்கிற எஞ்சினைச் சூடா வைக்கிறது) 24 மணி நேரமும் ஓடணும். அதையும் கணக்குல எழுதுங்க.